ஐந்து வோல்ட் பிடிவாதம்: ராஸ்பெர்ரி பையும் நெட்வொர்க் கேபிள் மின்சாரமும்

மொட்டை மாடியில் ஒரு சின்னக் கணினி வைக்க வேண்டும். அதில் ஒரு கேமரா, ஒரு வெப்பநிலை சென்சார். அங்கே பிளக் பாயின்ட் கிடையாது. நெட்வொர்க் கேபிள் எப்படியும் மேலே போகத்தான் போகிறது. அதே கேபிளில் கரன்ட்டையும் ஏற்றிவிட்டால் என்ன? ராஸ்பெர்ரி பை மாதிரி ஒரு ஒற்றைப் பலகைக் கணினியை மேசையில் வைத்து விளையாடி முடித்துவிட்டு, அடுத்து அதை உருப்படியான ஒரு வேலைக்கு வைக்கலாம் என்று நினைக்கிற எல்லோருக்கும் இந்த யோசனை வரும். எனக்கும் வந்தது.

பதில் புதிதல்ல. பவர் ஓவர் ஈதர்நெட், சுருக்கமாக பிஓஇ, 2003லேயே ஐஇஇஇ 802.3ஏஎஃப் என்ற தரநிலையாக வந்துவிட்டது. ஆபீஸ் ஐபி போன்களும் சிசிடிவி கேமராக்களும் வைஃபை பெட்டிகளும் இருபது வருஷமாக இப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் பை போன்ற கணினிகள் விஷயத்தில் மட்டும் இது இன்னும் ஒரு ஒட்டுவேலையாகவே இருக்கிறது. மேலே ஒரு பலகை மாட்ட வேண்டும், அல்லது பக்கத்தில் ஒரு ஸ்ப்ளிட்டர் தொங்க வேண்டும். ஏன்?

"பிஓஇ பெரிய ஆபீஸ்களுக்கானது, நமக்கு அதிகப்படி" என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் பதில். நான் அதை ஏற்கவில்லை. பிஓஇ தரநிலை, சின்னச் சாதனங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்ட நல்ல வடிவமைப்பு. கோளாறு மறுமுனையில், அதாவது ஐந்து வோல்ட்டை நேராக வாயில் ஊற்றச் சொல்லும் கணினியில் இருக்கிறது. இதுதான் இந்தக் குறிப்பின் வாதம். கணக்கோடு பார்ப்போம்.

கேபிள் ஏன் ஐந்து வோல்ட்டை வெறுக்கிறது

சாதாரண கேட் 5இ கேபிளில் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். கம்பி 24 கேஜ் செம்பு என்றால் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.084 ஓம் மின்தடை. கேட்க ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். 30 மீட்டர் இழுங்கள், ஒரு கம்பிக்கு 2.5 ஓம் ஆகிவிடும். ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளையும் சேர்த்துப் போக ஒரு வழி, இன்னொரு ஜோடியைத் திரும்பி வர ஒரு வழி என்று வைத்தால், போய்வரும் மொத்தத் தடை மறுபடியும் 2.5 ஓம்.

இதில் ஐந்து வோல்ட்டை ஏற்றி, மறுமுனையில் போர்டு 1 ஆம்பியர் இழுத்தால்? வழியிலேயே 2.5 வோல்ட் காலி. பாதிதான் போய்ச் சேரும். பை போர்டு 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனாலே 'மின்னழுத்தம் குறைவு' என்று எச்சரிக்கும். அந்த எல்லைக்குள் நிற்க வேண்டுமானால் இந்தக் கேபிளில் சுமார் 0.15 ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. அதில் பை பூட் கூட ஆகாது.

அதே 30 மீட்டர், அதே கம்பிகள். இப்போது 48 வோல்ட் ஏற்றுங்கள். போர்டுக்கு 5 வாட் தேவை என்றால் மின்னோட்டம் சுமார் 0.1 ஆம்பியர்தான். வழியில் இழப்பது கால் வோல்ட். வாட் கணக்கில் 0.03. இவ்வளவுதான் விஷயம். வோல்டேஜை உயர்த்தினால் மின்னோட்டம் குறையும், மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இழப்பு குறையும். ஊருக்கு ஊர் போகும் உயர் மின்னழுத்தக் கம்பிகளின் அதே கதை, சின்ன அளவில்.

அப்படியானால் ஏன் 100 வோல்ட், 200 வோல்ட் என்று ஏற்றவில்லை? கை பட்டால் ஆபத்தில்லாத நேர்மின்னழுத்தத்துக்குப் பொதுவாக வைத்திருக்கும் எல்லை 60 வோல்ட். அதற்குக் கீழே நின்று, முடிந்தவரை உயரமாக நிற்கும் எண் இது. 48க்கு ஒரு பூர்வீகமும் உண்டு. பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் பேட்டரி வைத்து 48 வோல்ட்தான் லைனில் அனுப்பின. ஊரே இருட்டாகக் கிடந்தாலும் லேண்ட்லைனில் டயல் டோன் கேட்டது நினைவிருக்கிறதா? மின்சாரம் போனோடு சேர்ந்து, தூரத்து பேட்டரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. பிஓஇ அந்த ஏற்பாட்டின் பேரப்பிள்ளை.

802.3ஏஎஃப்பின் எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், ரொம்ப நேர்மையானவை. ஸ்விட்ச் பக்கம் குறைந்தபட்சம் 44 வோல்ட், 350 மில்லிஆம்பியர். பெருக்கினால் 15.4 வாட். 100 மீட்டர் கேபிளுக்கு மோசமான நிலையில் 20 ஓம் என்று வைத்துக்கொள்கிறார்கள். அதில் 7 வோல்ட் போகும், மிச்சம் 37. அதை 350 மில்லிஆம்பியரால் பெருக்கினால் 12.95 வாட். சாதனத்துக்கு உறுதியளிக்கப்படுவது இதுதான். எவ்வளவு தொலையும் என்பதை முதலிலேயே கழித்துவிட்டுத்தான் வாக்குறுதி கொடுக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்துத் தேவைப்படும்.

கேட்டுவிட்டுக் கொடுப்பது

பிஓஇயில் எனக்கு மிகவும் பிடித்தது வாட் கணக்கு இல்லை. கொடுக்கும் முன் கேட்கும் பழக்கம். ஸ்விட்ச் எடுத்த எடுப்பில் 48 வோல்ட்டைத் திறந்துவிடாது. முதலில் 10 வோல்ட்டுக்கும் குறைவாகக் கொஞ்சம் அனுப்பி, எதிர்முனையில் என்ன தடை இருக்கிறது என்று அளந்து பார்க்கும். சுமார் 25 கிலோ ஓம் தெரிந்தால், 'இது பிஓஇ தெரிந்த சாதனம்' என்று முடிவு செய்யும். அடுத்து மின்னழுத்தத்தை 20 வோல்ட் வாக்கில் உயர்த்தி, 'உனக்கு எவ்வளவு வேண்டும்?' என்று கேட்கும். சாதனம் இழுக்கும் குறிப்பிட்ட அளவு மின்னோட்டம்தான் அதற்குப் பதில், அதாவது அதன் வகுப்பு. அதற்குப் பிறகுதான் முழு மின்சாரம். கேபிளைப் பிடுங்கினால் அரை நொடிக்குள் நிறுத்திவிடும்.

இவ்வளவு சம்பிரதாயம் எதற்கு? பிஓஇ தெரியாத பழைய கருவிகளை நினைத்துப் பாருங்கள். அவற்றில் பலவற்றின் ஈதர்நெட் போர்ட்டுக்குள், பயன்படாத இரண்டு ஜோடிகளை 75 ஓம் ரெசிஸ்டர்கள் ஒரு பொதுப் புள்ளியில் இணைக்கும். இரண்டு ஜோடிக்கும் நடுவே பார்த்தால் 150 ஓம். அதன் குறுக்கே கேளாமல் 48 வோல்ட்டைக் கொடுத்தால் 15 வாட்டுக்கு மேல் பாயும். கடுகளவு ரெசிஸ்டர் அது, கருகிப் போகும். தரநிலைப்படி நடக்கும் ஸ்விட்ச் அங்கே 25 கிலோ ஓமைத் தேடும், 150 ஓமைப் பார்க்கும், பேசாமல் ஒதுங்கிவிடும். உங்கள் பழைய பிரின்டர் பிழைத்தது இந்த ஒரு கேள்வியால்தான்.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 'பேசிவ்' இன்ஜெக்டர்களோடு எனக்கு இருக்கும் சண்டையும் இதுதான். அவை எதையும் கேட்பதில்லை. அடாப்டரில் வருவதை அப்படியே உதிரி ஜோடிகளில் திறந்துவிடும். பெட்டியில் மட்டும் கூசாமல் 'பிஓஇ' என்று போட்டிருப்பார்கள். நான் முதலில் வாங்கியது அப்படி ஒரு ஜோடிதான். ஐந்து வோல்ட் அடாப்டரைக் கீழே மாட்டி, மேலே பையை இணைத்தேன். சும்மா இருக்கும்போது ஓடியது. கேமரா படம் எடுக்கத் தொடங்கும்போதெல்லாம் ரீஸ்டார்ட் ஆனது. சாப்ட்வேரில்தான் பிழை என்று நினைத்து இரண்டு வாரம் லாக் ஃபைல்களைத் துருவினேன். கடைசியில் எஸ்டி கார்டும் கெட்டுப்போனது. மேலே போட்டிருக்கும் கணக்கை அன்றைக்கே ஒரு தாளில் போட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

2018இன் ஹேட்: ஒரு மதிப்பீடு

சரி, முறையான வழிக்கு வருவோம். ராஸ்பெர்ரி பை 2012இல் வந்தது. பிஓஇக்கான ஏற்பாடு அதன் போர்டில் முதன்முதலாக 2018 மார்ச்சில், பை 3 பி பிளஸ் மாடலில் வந்தது. ஏற்பாடு என்றால் என்ன? நான்கு ஊசிகள். ஈதர்நெட் போர்ட்டுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்களின் நடுப்புள்ளிகளை வெளியே எடுத்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அந்த 48 வோல்ட்டை ஐந்தாக மாற்றும் வேலையை மேலே மாட்டும் பிஓஇ ஹேட் செய்ய வேண்டும். அது அதே வருஷம் ஆகஸ்ட்டில் வந்தது. விலை ஏறக்குறைய 20 டாலர். கணினியின் விலையே 35 டாலர்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வந்த கொஞ்ச நாளிலேயே புகார்கள் எழுந்தன. யூஎஸ்பி போர்ட்டில் சில நூறு மில்லிஆம்பியர் இழுக்கும் எதையாவது மாட்டினால் போர்ட் அணைந்துவிடுகிறது. ஹேட்டின் கன்வெர்ட்டரிலிருந்து மின்னோட்டம் துடிப்புத் துடிப்பாக வந்தது. போர்டில் யூஎஸ்பியைக் காவல் காக்கும் சிப், அந்தத் துடிப்புகளின் உச்சியைப் பார்த்துவிட்டு 'அளவுக்கு மீறி இழுக்கிறார்கள்' என்று தவறாக முடிவு செய்து கதவைச் சாத்தியது. நிறுவனம் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, வடிகட்டலைச் சேர்த்துத் திருத்தி வெளியிட்டது. அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். ஒரு சுற்றில் பிழை வருவது சகஜம், அதைப் பிடித்துக்கொண்டு நான் தொங்கப் போவதில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. அது ஹேட்டின் தயாரிப்புக் குறிப்பிலேயே இருக்கிறது. வெளியீடு: 5 வோல்ட், 2.5 ஆம்பியர். அதாவது 12.5 வாட். உள்ளீடு: 802.3ஏஎஃப். அதில் சாதனத்துக்கு உறுதி 12.95 வாட் என்று பார்த்தோம். 12.95 உள்ளே போய் 12.5 வெளியே வர வேண்டுமானால் கன்வெர்ட்டரின் திறன் 96.5 சதவீதம் இருக்க வேண்டும். இந்த அளவிலான, தனிமைப்படுத்தப்பட்ட ஃப்ளைபேக் கன்வெர்ட்டர்கள் 80லிருந்து 90க்குள்தான் நிற்கும். 85 என்றே தாராளமாக வைத்தாலும் கிடைப்பது 11 வாட், அதாவது 2.2 ஆம்பியர். குட்டைக் கேபிளில் ஸ்விட்ச் தரும் 15.4 வாட்டில் பெரும்பகுதி வந்து சேரும் என்பதால் நடைமுறையில் பலருக்கு ஓடியிருக்கும். ஆனால் அது கேபிளின் தயவு. தரநிலை கொடுத்த வாக்குறுதி அது இல்லை.

இன்னொன்று. அதே குறிப்பில் 'வகுப்பு 2 சாதனம்' என்று இருந்தது. அதை பிஓஇ வகுப்பாக எடுத்துக்கொண்டால், 'எனக்கு அதிகபட்சம் 6.49 வாட் போதும்' என்று சொல்வதாக அர்த்தம். ஒரு பக்கம் 6.49 போதும் என்று ஸ்விட்ச்சிடம் சொல்லிவிட்டு, இன்னொரு பக்கம் 12.5 தருகிறேன் என்று வாங்குபவரிடம் சொன்னால் எப்படி? தரநிலை, தொலைந்து போவதைக் கழித்துவிட்டு எண் சொல்கிறது. ஹேட் கழிக்காமல் சொன்னது. என் விமர்சனத்தின் மையம் இந்த ஒரு வித்தியாசம்தான்.

2021இல் வந்த பிஓஇ பிளஸ் ஹேட் இந்த விஷயத்தில் ஒரு படி மேல். அது 802.3ஏடி தரநிலை, 2009இல் வந்தது. சாதனத்துக்கு 25.5 வாட் உறுதி. ஹேட் தருவதாகச் சொல்வது 5 வோல்ட், 4 ஆம்பியர், அதாவது 20 வாட். 78 சதவீதத் திறன் இருந்தாலே போதும், நடக்கிற காரியம். இப்படித்தான் எண் சொல்ல வேண்டும்.

பிடிவாதம் எங்கே இருக்கிறது

ஹேட் ஒரு அறிகுறிதான். நோய் போர்டில் இருக்கிறது. பையின் மின்சார வரலாற்றை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். முதலில் மைக்ரோ யூஎஸ்பி, ஐந்து வோல்ட். மெல்லிய சார்ஜர் கேபிளிலேயே மின்னழுத்தம் விழுந்து, திரையில் மின்னல் குறி வந்து கொண்டிருந்தது. 2019இல் பை 4, யூஎஸ்பி சி. அங்கே என்ன ஆனது? யூஎஸ்பி சி இணைப்பிலும் பிஓஇ மாதிரியே ஒரு அடையாள ரெசிஸ்டர் உண்டு. 'நான் மின்சாரம் வாங்கும் சாதனம்' என்று சொல்ல இரண்டு ஊசிகளுக்குத் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் வைக்க வேண்டும். முதல் பதிப்பில் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றை வைத்துவிட்டார்கள். விளைவு, உள்ளே அடையாளச் சிப் வைத்த நல்ல கேபிளில் போட்டால் சார்ஜர் இதை ஏதோ ஆடியோ கருவி என்று நினைத்து மின்சாரமே கொடுக்காது. மட்டமான கேபிளில் ஓடும், உயர்ந்த கேபிளில் ஓடாது! பிறகு 1.2 பதிப்பில் சரிசெய்தார்கள்.

2023இல் பை 5. அதற்கு முழு வேலைக்கு 5 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். வழக்கமான யூஎஸ்பி சார்ஜர்கள் 5 வோல்ட்டில் 3 ஆம்பியரோடு நின்றுவிடும். கூடுதல் வாட் வேண்டுமானால் 9, 15, 20 என்று வோல்டேஜை உயர்த்தித்தான் கொடுக்கும். உங்களிடம் 65 வாட் லேப்டாப் சார்ஜர் இருந்தாலும் பை அதனிடம் 15 வாட்தான் வாங்கும், யூஎஸ்பி போர்ட்டுகளுக்கு 600 மில்லிஆம்பியர் என்று கட்டுப்பாடு போட்டுக்கொள்ளும். போதாக்குறைக்கு, பிஓஇ ஊசிகளின் இடமும் மாறிவிட்டதால் பழைய ஹேட்டுகள் இதில் பொருந்தாது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே இழை தெரியும். போர்டு உள்ளே வரும் ஐந்து வோல்ட்டை அப்படியே யூஎஸ்பி போர்ட்டுகளுக்கும் கொடுக்கிறது. அதனால் வாசலிலேயே துல்லியமான ஐந்து வேண்டும். வோல்டேஜை மாற்றும் சிரமம் முழுக்க வெளியே தள்ளப்படுகிறது: அடாப்டர் மேல், கேபிள் மேல், ஹேட் மேல், கடைசியில் உங்கள் மேல்.

நியாயமாக மறுபக்கமும் சொல்ல வேண்டும். 35 டாலருக்குக் கணினி என்பது 2012இல் ஒரு சாதனை. பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் கிடக்கும் போன் சார்ஜரை வைத்தே ஓட்டட்டும் என்று நினைத்ததில் தப்பே இல்லை. அகல உள்ளீட்டுக்கு ஒரு கன்வெர்ட்டர் சேர்த்தால் விலையும் சூடும் கூடும், இடமும் போகும். பத்தில் ஒருவர்கூடப் பயன்படுத்தாத வசதிக்குப் பத்துப் பேரும் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்ற கேள்வி சரிதான்.

ஆனால் அந்தக் கணினி இப்போது மேசையில் மட்டுமா இருக்கிறது? தொழிற்சாலைச் சுவரில், கடை விளம்பரத் திரைக்குப் பின்னால், வயல் ஓரத்துப் பெட்டிக்குள் எல்லாம் இருக்கிறது. நிறுவனத்துக்கே இது தெரியும். கம்ப்யூட் மாட்யூல் 4க்கு அவர்களே செய்த ஐஓ போர்டு 12 வோல்ட்டை ஏற்கிறது. ஆகத் தெரியாமல் இல்லை. சாதாரண பை வாங்குபவருக்கு அது வேண்டாம் என்ற முடிவு. 35 டாலர் காலத்தில் அந்த முடிவு சரி. 5 ஆம்பியர் அடாப்டரைத் தனியாக வாங்கச் சொல்லும் காலத்தில், மிச்சம் பிடித்த காசு எங்கே போயிற்று என்று கேட்கலாம் இல்லையா?

அப்படியானால் என்ன செய்வது

இவ்வளவு திட்டிய பிறகும், நான் மொட்டை மாடிக்கு பிஓஇதான் வைத்திருக்கிறேன். காரணம் மின்சாரம் மட்டுமில்லை. கீழே ஸ்விட்ச்சுக்கு ஒரு யூபிஎஸ் போட்டால் மேலே இருப்பதும் சேர்ந்து பிழைக்கிறது. பை தொங்கிப் போனால் ஏணி ஏற வேண்டாம், மேனேஜ்டு ஸ்விட்ச்சில் அந்தப் போர்ட்டை அணைத்துப் போட்டால் போதும். இந்த ஒரு வசதிக்காகவே ஹேட்டின் விலையை நான் மன்னித்துவிட்டேன். ஒன்று மட்டும் கவனம்: அப்படி வெடுக்கென்று அணைப்பது எஸ்டி கார்டுக்கு நல்லதில்லை. அதைக் கடைசி மருந்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குபவர்கள் பார்க்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டியில் 'பிஓஇ' என்று மட்டும் இருந்தால் நம்பாதீர்கள். 802.3ஏஎஃப் அல்லது ஏடி என்று எண் இருக்க வேண்டும். எண் இல்லை என்றால் அது கேளாமல் கொடுக்கும் ரகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ளிட்டர் வாங்கினால் கிகாபிட்டா என்று பாருங்கள். பல மலிவு ஸ்ப்ளிட்டர்கள் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் தேவை, இவை இரண்டை மின்சாரத்துக்கே ஒதுக்கிவிடுகின்றன.

ஸ்விட்ச் வாங்கும்போது போர்ட் எண்ணிக்கையைப் பார்க்காமல் மொத்த வாட்டைப் பாருங்கள். எட்டு போர்ட்டுக்கும் முழு 15.4 கொடுக்க 123 வாட் வேண்டும். மொத்தமே 60 வாட் உள்ள ஸ்விட்ச்சில், வகுப்பு சொல்லாத சாதனம் ஒவ்வொன்றுக்கும் ஸ்விட்ச் 15.4 வாட்டை ஒதுக்கி வைத்தால் மூன்றோடு முடிந்தது. நான்காவது பை நாலு வாட்தான் இழுக்கும் என்றாலும் அதற்கு இடமில்லை. வகுப்பைச் சரியாகச் சொல்லும் சாதனம் பக்கத்து வீட்டுக்காரருக்கும் உதவி செய்கிறது.

கேபிளைத் தூக்கிப் பாருங்கள். வழக்கத்தைவிட லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள்கள் பாதி விலையில் கிடைக்கின்றன. அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பில் சுமார் 60 சதவீதம்தான். தரநிலை 20 ஓம் என்று கழித்துக் கொடுத்த கணக்கு செம்புக் கம்பியை நம்பிப் போட்டது. அலுமினியத்தை இழுத்துவிட்டு 12.95 வாட்டை எதிர்பார்க்க முடியாது.

ஒருநாள் பை மாதிரி ஒரு சாதாரண போர்டு, 37லிருந்து 57 வோல்ட் வரை எது வந்தாலும் ஈதர்நெட் போர்ட்டிலேயே வாங்கிக்கொண்டு, தனக்கு எவ்வளவு வேண்டும் என்று உண்மையான எண்ணைச் சொல்லி, பேசாமல் வேலை செய்யும் என்று நினைக்கிறேன். ஐபி கேமராக்கள் வருஷக்கணக்காக இதைத்தான் செய்கின்றன, அவற்றுக்குள் இருப்பதும் ஒரு சின்னக் கணினிதான். அதுவரைக்கும் நாம் ஹேட்டை மாட்டிக்கொண்டு, கால்குலேட்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்வோம்.